சுபாங்கில் ஒரு பின் இருக்கை

“பஸ்ஸுலயே வாந்தி எடுக்கற புள்ள ஏரோப்ளேன் ஓட்டப் போகுதாமா?”

பொங்கலுக்கு வந்திருந்த என் அத்தை, கரும்பைக் கடித்துக்கொண்டே இப்படிக் கேட்டார். வீடே சிரித்தது. அப்பாவும் சிரித்தார். அத்தை சொன்னது பொய்யாக இருந்திருந்தால் நானும் சேர்ந்து சிரித்திருப்பேன். கல்லூரியில் வால்பாறைக்குச் சுற்றுலா போனபோது, மலை ஏறத் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே ஜன்னலை எனக்கு விட்டுக்கொடுத்து மூன்று பேர் எழுந்து நின்றுகொண்டு வந்தார்கள். அத்தையிடம் இதைச் சொன்னதே என் அம்மாதான்.

நாங்கள் திருப்பூர். அப்பா துணிப் பொதி ஏற்றி இறக்குகிறார். அம்மா ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் மேசையில் நிற்கிறார். எங்கள் இரண்டு பக்கத்து உறவிலும் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். பிறகு பொறியியல், பிறகு ஓர் ஏற்றுமதி நிறுவனத்தில் வேலை. வேலை பார்த்துக்கொண்டே விமானப்படை எழுத்துத் தேர்வில் தேறினேன். நேர்முகத் தேர்வுக்கும் அழைப்பு வந்துவிட்டது. விமானி ஆக விரும்புகிறவர்களை அங்கே ஓர் எந்திரத்தின் முன் உட்கார வைத்துச் சோதிப்பார்கள். கையும் காலும் கண்ணும் காதும் ஒரே நேரத்தில் வேலை செய்கிறதா என்று பார்ப்பார்கள். அந்தச் சோதனை வாழ்நாளில் ஒருமுறைதான். அதில் தவறினால் தரைப் பிரிவுகளுக்குப் போகலாம், விமானி ஆவது மட்டும் முடியவே முடியாது. தேறினாலும், பயிற்சியில் குமட்டல் அடங்காதவர்களை இறக்கிவிடுவார்கள். ஆகவே அத்தையின் கேள்வி எனக்கு வெறும் கேலி இல்லை.

இந்த நிலையில்தான் நிறுவனம் என்னைக் கோலாலம்பூருக்கு அனுப்பியது. தீபாவளிச் சந்தைக்கான சட்டை மாதிரிகளைக் கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் உள்ள கடைக்காரர்களிடம் காட்ட வேண்டும், விலை பேச வேண்டும். ஆங்கிலம் பேசுவேன் என்பதால் நான். முதல் விமானப் பயணம். அம்மா கொடுத்த வாந்தி மாத்திரையை விழுங்கிவிட்டுத் தூங்கிப்போனேன். கண் விழித்தபோது சக்கரம் தரையைத் தொட்டிருந்தது. விமானி ஆக விரும்புகிறவள் தன் முதல் பறத்தலைத் தூங்கியே கழித்தாள். இதை யாரிடமும் சொல்லவில்லை.

கிள்ளானில் எங்கள் வாடிக்கையாளர் மணி அங்கிள். துணிக்கடை வைத்திருக்கிறார். “சார்” என்று கூப்பிட்டேன். “சாரா? நான் என்ன ஸ்கூல் வாத்தியாரா? அங்கிள்னு கூப்பிடும்மா,” என்றார். கடைக்கு மேலேயே வீடு, அங்கேதான் எனக்கு அறை. கடைத்தெருவைப் பார்த்தால் திருப்பூரை விடத் தமிழ் அதிகமாக இருந்தது. பெயர்ப் பலகை, பூமாலை, ஒலிபெருக்கி எல்லாமே தமிழ். ஆனால் இடித்துவிட்டுப் போகிறவர்கள் “சாரி” சொல்கிறார்கள், வண்டிகள் ஒலியெழுப்புவதில்லை. எழுந்ததும் “பசியாறியாச்சா?” என்று கேட்கிறார்கள். எங்கள் ஊரில் இதைக் கேட்டால் என்னவோ பட்டினி கிடந்தவளைக் கேட்பது போல இருக்கும். இங்கே அது காலை உணவு.

முதல் நாள் இரவுச் சாப்பாட்டில் நெத்திலிச் சம்பலும் தேங்காய்ப்பால் சோறும் இருந்தன. சம்பல் காரம் கண்ணில் நீர் வரவழைத்தது. நான் விமானப்படைக்கு முயல்கிறேன் என்று தெரிந்ததும் மணி அங்கிள் தன் மனைவியைப் பார்த்தார்.

“நம்ம ரேணு கிட்ட சொல்லு.”

ரேணுகா அவருடைய மச்சினி. முப்பதைத் தாண்டியவர். இந்த நாட்டு விமானப்படையில் சரக்கு விமானம் ஓட்டிவிட்டு, ஒப்பந்தம் முடிந்து வெளியே வந்தவர். இப்போது சுபாங்கில் ஒரு சிறு பறத்தல் கழகத்தில் கற்றுக்கொடுக்கிறார். அங்கிள் கைப்பேசியை என் காதில் வைத்தார். மறுமுனையில் குரல் நேராகப் பேசியது.

“எத்தனை தடவ சின்ன ப்ளேன்ல ஏறியிருக்க?”

“ஏறினதே இல்லைங்க.”

“ஏறாமலேயே பைலட் ஆகணும்னு முடிவு பண்ணிட்டியா? நல்லா இருக்கே. பேக் சீட்ல ஒரு தடவயாவது உட்காரு. அப்புறம் முடிவு பண்ணு. நாள் பார்த்துச் சொல்றேன்.”

அந்த இரவு சந்தோஷமாக இருந்தேன். பயணத்திலேயே அந்த ஓர் இரவுதான் அப்படி.

இரண்டாம் நாள் பிரிக்பீல்ட்ஸில் வேலை. மாதிரிப் பையைத் தூக்கிக்கொண்டு கீழே வந்தேன். மணி அங்கிள் தன் காடியின் கதவைத் திறந்துகொண்டிருந்தார். இங்கே காரைக் காடி என்கிறார்கள்.

“நானும் பிரிக்பீல்ட்ஸ்தான் போறேன். நீ ஃபாலோ பண்றியா?”

“எங்கிட்ட வண்டி இல்லையே அங்கிள்.”

அவர் கதவைப் பிடித்தபடியே கேட்டார். “அப்ப ட்ரெயின்ல வர்றியா?”

“சரிங்க.”

“சரிலா. உனக்கு எது புடிக்குதோ அப்படி வா,” என்று இந்த ஊர் ‘லா’வையும் சேர்த்துச் சொல்லிவிட்டுப் புறப்பட்டார். காடியில் அவரைத் தவிர யாருமில்லை. இவ்வளவு பெரிய வண்டியை வைத்துக்கொண்டு, வண்டியே இல்லாதவளைப் பின்னால் வா என்கிறாரே, ஒரு சொட்டு பெட்ரோலா குறைந்துவிடும் என்று மனதுக்குள் திட்டினேன். படித்து மேலே வந்த எங்களைப் போன்றவர்களுக்கு இது ஒரு நோய். யாராவது ஒதுக்குகிறார்களோ என்று முதலில் சந்தேகம் வரும். கேட்டுத் தெளிவது பிறகுதான், பல நேரம் தெளிவதே இல்லை.

ரோஷத்தோடு ரயிலேறினேன். பெண்களுக்கென்று தனிப்பெட்டி, உள்ளே ஊட்டியைப் போலக் குளிர். சில நிறுத்தங்கள் கழித்துக் கட்டடங்கள் குறைந்து, கப்பலில் ஏற்றும் இரும்புப் பெட்டிகள் மலைமலையாகத் தெரிந்தன. எதிரே இருந்த சேலை கட்டிய அம்மா என் பையைப் பார்த்தார்.

“எங்கம்மா போற?”

“பிரிக்பீல்ட்ஸ்.”

“இது துறைமுகத்துக்குல்ல போகுது. அடுத்தது கடல்தான். நீந்தப் போறியா?”

இறங்கித் திரும்பி வந்து, பிரிக்பீல்ட்ஸ் சேர்ந்தபோது மதியம் ஆகியிருந்தது. மணி அங்கிள் எப்போதோ வேலையை முடித்துவிட்டு, எனக்காக வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் காத்திருந்தார். அதுவும் எனக்குப் புரியவில்லை. காடியில் ஏற்றாதவர் சாப்பாட்டுக்கு ஏன் காத்திருக்கிறார்? பாகற்காய் வறுவலை மூன்றாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். ஊரில் அம்மா செய்தால் தொட மாட்டேன்.

மாலையில் ரேணுகா அக்காவிடமிருந்து மணி அங்கிளின் கைப்பேசிக்குக் குரல் செய்தி வந்தது. “நாளைக்குக் காலையில எட்டு மணிக்கு சுபாங் வந்துடு. என் ஸ்டூடண்ட் ஜேசன் பறக்கிறான். நீ ஃபாலோ பண்ணலாம். மத்தியானத்துக்கு மேல மழை வந்துடும், அதனால லேட் பண்ணாத.”

முகம் வாடிவிட்டது எனக்கு. பின் இருக்கை என்று சொன்னவர் இப்போது ஃபாலோ பண்ணு, அதாவது கீழேயிருந்து கண்ணால் பின்தொடர்ந்து பார்த்துக்கொள் என்கிறார். பரவாயில்லை, முதலில் கவனிக்கச் சொல்கிறார் போல, பார்த்துக் கற்றுக்கொண்ட பிறகு ஏற்றுவார் என்று நானே ஒரு நியாயம் கட்டிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் எட்டு மணிக்கு முன்பே சுபாங் போய்ச் சேர்ந்துவிட்டேன். கழகத்தின் வாசல் பக்கமே போகவில்லை. ஓடுபாதை தெரிகிற வேலி ஓரமாக ஒரு நல்ல இடம் பிடித்தேன். உள்ளூர் சிம் வாங்காததால் கைப்பேசி ஃப்ளைட் மோடில் இருந்தது. படம் எடுக்க அது போதும். சிறிய வெள்ளை விமானம் ஒன்று கொட்டகைப் பக்கம் நெடுநேரம் நின்றது. பிறகு உருண்டது, ஓடியது, ஏறியது. கழுத்து வலிக்க அதையே பார்த்தேன். எந்த இடத்தில் தரையை விடுகிறது, எப்படித் திரும்புகிறது, எவ்வளவு சாய்கிறது எல்லாம் கவனித்தேன். அது கண்ணை விட்டு மறைந்த பிறகும் திரும்பி வரும் வரை வெயிலில் நின்றேன். அவ்வளவு ஒழுங்காக ஃபாலோ பண்ணினேன்.

விமானம் இறங்கியதும் பெருமையோடு கழகத்துக்குள் போனேன். ரேணுகா அக்கா குட்டையாக வெட்டிய முடியும் வெளிறிய நீலச் சட்டையுமாக, தலைக்கருவியைக் கழற்றிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஜேசன், வங்கி வேலையை விட்டுவிட்டுப் பறக்கக் கற்றுக்கொள்ளும் சீன இளைஞர்.

“எங்க போயிட்ட நீ?” என்றார் அக்கா. “உனக்காக இன்ஜினை ஸ்டார்ட் பண்ணாம நின்னோம். ஃபோன் போகல. கன்ட்ரோல் டவர்ல எங்களுக்குக் குடுத்த டைம் தாண்டிப் போச்சு. ஜேசனோட பாடத்துல பாதிதான் பண்ண முடிஞ்சது.”

“நான் வேலி ஓரமா ஃபாலோ பண்ணிட்டுத்தான் இருந்தேங்க்கா. எட்டு மணியிலருந்து.”

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அக்கா ஆங்கிலத்தில் ஜேசனிடம் ஏதோ சொன்னார். அவர் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டார். பிறகு அக்கா என்னை உட்கார வைத்தார்.

“இங்க ஃபாலோன்னா கூட வர்றது. என் காடியில ஏறி, என்கூடவே வர்றது. பின்னாடி சீட்டு உனக்காகக் காலியா போச்சு.”

மணி அங்கிளின் காடிக் கதவு என் கண் முன்னால் வந்தது. அவர் எனக்காகத்தான் அதைத் திறந்து வைத்திருந்தார். என் படிப்பு, என் ஆங்கிலம் இரண்டையும் நம்பித்தான் நிறுவனம் என்னை அனுப்பியிருந்தது. ஓர் ஆங்கில வார்த்தை என்னை ரயிலில் துறைமுகத்துக்கும், வேலிக்கு வெளியேயும் கொண்டுபோய் நிறுத்திவிட்டது. சந்தேகம் வந்த இடத்தில் ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். தெரியாது என்று சொல்வதைவிடத் தெரிந்த மாதிரி நிற்பது எனக்கு எளிதாக இருந்தது.

ஜேசன் திரும்பி வந்து, மறுநாளும் தான் பறப்பதாகவும் நான் விரும்பினால் வரலாம் என்றும் சொன்னார். பாதி பாடத்தை இழந்தவர் அவர். “நோ ஃபென்ஸ்,” என்று விரலை ஆட்டினார். வேலிப் பக்கம் போகக்கூடாதாம்.

அன்றிரவு அம்மாவின் மாத்திரைப் பட்டையை எடுத்து மேசைமேல் வைத்து யோசித்தேன். ரேணுகா அக்கா ஏற்கனவே சொல்லியிருந்தார்: “மாத்திரை போட்டுட்டு வந்தா நீ தெரிஞ்சுக்கப் போறது மாத்திரையைப் பத்தித்தான், உன்னைப் பத்தி இல்ல. பயிற்சிக்குப் போனா அங்கயும் உன் இஷ்டத்துக்கு மாத்திரை போட விட மாட்டாங்க.” பட்டையைப் பெட்டியின் அடியில் வைத்துவிட்டேன்.

நான்காம் நாள் காலை. இந்தப் பகுதியை, இதே வழியில் போக நினைக்கிற பெண்களுக்காகக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். வெறும் வயிற்றோடு போகாதீர்கள், வயிறு முட்டவும் சாப்பிடாதீர்கள். நான் இரண்டு ரொட்டித் துண்டும் வாழைப்பழமும் சாப்பிட்டேன். பையில் இருக்கும் சில்லறை, பேனா, கொண்டை ஊசி எல்லாவற்றையும் கீழேயே வைத்துவிடச் சொல்வார்கள். கீழே விழும் சின்னப் பொருள் ஓட்டுகிறவரின் கால் மிதிக்கு இடையே போய்ச் சிக்கலாம். கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டே போனால் குமட்டல் சீக்கிரம் வரும். கண்ணைத் தொடுவானத்தில் வையுங்கள். முடியவில்லை என்றால் முதல் அறிகுறியிலேயே வாய் திறந்து சொல்லுங்கள். வாந்திப் பையை மடியில் பிரித்தே வைத்திருங்கள். இவை எல்லாவற்றையும் ரேணுகா அக்கா எனக்குச் சொன்னார். கடைசிக்கு முந்தையதைத் தவிர மற்றதை எல்லாம் ஒழுங்காகச் செய்தேன்.

“இன்னொரு வேலை குடுக்கிறேன்,” என்றார். “எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல அந்த வட்டம் தெரியுதா? அதுதான் உயரம். நான் அப்பப்ப கேப்பேன். நம்பரை மட்டும் சொல்லு. வேற எதுவும் வேணாம்.”

ஜேசன் இடப்பக்கம், அக்கா வலப்பக்கம், நான் பின்னால். கதவு எங்கள் வீட்டுத் தகரப்பெட்டி மூடுவதைப் போல மூடியது. ஓடுபாதை பின்னால் நழுவியது. தரை எங்களை எப்போது விட்டது என்று தெரியவில்லை. வேலியிலிருந்து அவ்வளவு தெளிவாகத் தெரிந்தது உள்ளேயிருந்து தெரியவில்லை.

கீழே நெடுஞ்சாலை, அடுக்குமாடிகள், பிறகு வரிசை வரிசையாகச் செம்பனைத் தோட்டம். பழுப்பு நிறத்தில் கிள்ளான் ஆறு வளைந்து கடலுக்குப் போனது. அந்தச் சில நிமிடங்களுக்காக நான் வாழ்நாள் முழுக்க அத்தையின் கேலியைக் கேட்பேன். அவ்வளவு அழகாக இருந்தது.

“ஹைட்?”

“ஆயிரத்து ஐந்நூறு.”

“குட்.”

ஜேசன் ஒரு பக்கம் திரும்பினார். அக்கா கேட்டார், சொன்னேன். பிறகு பாடத்துக்குரிய செங்குத்தான திருப்பம் வந்தது. கடல் ஜன்னலில் செங்குத்தாக எழுந்து நின்றது. என் எடை யாரோ தோளில் கைவைத்து அழுத்துவது போலக் கூடியது. அந்தப் பக்கம் முடிந்து இந்தப் பக்கம். வாயில் உப்பாக எச்சில் ஊறியது. அதுதான் முதல் அறிகுறி. சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டேன். பள்ளிக்கூடத்திலிருந்து இதுவரை நான் எல்லாவற்றையும் அப்படித்தான் கடந்திருக்கிறேன்.

“ஹைட்?”

குரல் கேட்டது. வட்டமும் தெரிந்தது. முள்ளும் தெரிந்தது. அது ஒரு எண் என்று மட்டும் தெரியவில்லை.

“ஹைட் என்ன?”

பைக்குள் முகத்தை விட்டேன். மூன்றாம் முறை அவர் கேட்டது எனக்குக் கேட்கவே இல்லை என்பதைப் பிறகு அவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். விமானம் சமமாகி, மெதுவாகச் சுபாங்கை நோக்கித் திரும்பியது. இரண்டாம் நாளாக ஜேசனின் பாடம் பாதியில் நின்றது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. அதுதான் அவர் செய்த பெரிய மரியாதை.

தரையில் இறங்கியதும் பையை நானே கொண்டுபோய்ப் போட்டேன். அக்கா என்னைத் தன் காடியில் ஏற்றிக்கொண்டார். பிரிக்பீல்ட்ஸில் கடைசிக் கடைக்காரரைப் பார்க்க வேண்டியிருந்தது. “ஃபாலோ,” என்று மட்டும் சொல்லிக் கதவைத் திறந்தார்.

கடைக்காரரிடம் வேலை முடிந்ததும் சாப்பிடப் போனோம். அவருக்கு இலை, எனக்கு ஒரு டம்ளர் மோர்.

“வாந்தி எடுத்ததுக்கு நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்லா,” என்றார். “நானும் எடுத்திருக்கேன். பயிற்சியில, கையுறைக்குள்ள. அதுக்கு ஒரு நாற்காலியில வெச்சு சுத்து சுத்துன்னு சுத்திப் பழக்குவாங்க. நிறைய பேருக்குச் சரியாயிடும். சிலருக்கு ஆகாது. நீ எந்தக் கூட்டம்னு ஒரு தடவயில யாராலயும் சொல்ல முடியாது.”

“அப்ப என்னதான் தப்புங்க்கா?”

“நான் கேட்டப்ப நீ எங்க இருந்த?”

“பின்னாடிதான் இருந்தேன்.”

“அதான். உன் உடம்பு எங்க ஊரு ஃபாலோ, எங்ககூடவே வந்துச்சு. உன் மண்டை உங்க ஊரு ஃபாலோ. காடி போனப்புறம் ரோட்டுல பின்னாடியே ஓடி வந்துக்கிட்டு இருந்துச்சு.” ரசத்தைச் சோற்றில் ஊற்றினார். “ப்ளேனுக்குப் பின்னாடி ஓடுறவங்கதான் சாவாங்க. வாந்தி எடுத்துக்கிட்டே நம்பரைச் சொல்லு. நாறுது, கண்ணு எரியுது, ஆனா ஆயிரத்து ஐந்நூறு. அது வந்தா மத்தது வரும்.”

நான் மோரை ஒரு வாய் குடித்தேன்.

“சரி, அந்த எந்திரச் சோதனையில நீ ஃபெயில் ஆயிட்டன்னு வை. தரையில வேலை, ரேடார் பாக்குறது, இன்ஜின் பாக்குறது, ஏதோ ஒண்ணு குடுத்தா போவியா?”

“தெரியலைங்க்கா.”

“உனக்கு வானம் வேணுமா, யூனிஃபார்ம் வேணுமா?”

வானம் என்று சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை. எனக்கு வேண்டியது அத்தை வாயை மூடுவது. சீருடையில் ஒருமுறை தெருவில் நடந்து வந்து, அப்பா சிரிக்காமல் நிற்பதைப் பார்ப்பது. ஒரு குடும்பச் சிரிப்பை நிறுத்துவதற்காக ஒரு நாட்டின் விமானப்படைக்குப் போகிறேனோ என்று அந்த மேசையில் முதல்முறையாகத் தோன்றியது. அழுகை வந்தது. காரணம் கேட்டால் குமட்டல் என்று சொல்லத் தயாராக இருந்தேன். அவர் கேட்கவில்லை.

“எனக்கு ஃபைட்டர்தான் வேணும்னு போனேன்,” என்றார். “எல்லாரும் அந்தப் போஸ்டரைப் பாத்துட்டுத்தான் வருவாங்க. யாருக்கு எதுன்னு முடிவு பண்றது அவங்க. சரக்கு விமானம் குடுத்தாங்க. ஒரு வாரம் அழுதேன். அப்புறம் அதுமேலயே உசிரா ஆயிட்டேன். உசிரா ஆனப்ப மேசை வேலைக்கு முறை வந்துச்சு. அது தண்டனை இல்லம்மா, எல்லாருக்கும் வரும். பறக்காத வருஷமும் அதே வேலைதான். அதைத் தாங்குவியான்னு யாரும் முன்னாடியே கேக்க மாட்டாங்க. அதனால நான் கேக்குறேன்.”

“நீங்க தாங்கினீங்களா?”

“தாங்கலையே. அதான் இங்க உட்கார்ந்திருக்கேன். ஏதாவது ஏர்லைன்ஸ் கூப்பிடும்னு.” மேசைமேல் இருந்த கைப்பேசியைத் திருப்பிக் கவிழ்த்து வைத்தார். “இன்னும் கூப்பிடல.”

இலையை மடித்தார். தன் பக்கமாக. எங்கள் ஊரிலும் அப்படித்தான் மடிப்போம்.

அவரிடமிருந்து ஒரு நல்ல வார்த்தை வரும் என்று கடைசி வரை எதிர்பார்த்தேன். கோலாலம்பூரின் செந்தூல் பகுதியில் ரயில் பட்டறைத் தொழிலாளியின் மகளாகப் பிறந்து வானத்துக்குப் போனவர், உன்னாலும் முடியும் என்று சொல்வார் என்று நினைத்தேன். அவர் அப்படிச் சொல்லவில்லை. காடியை விட்டு இறங்கும்போது, “முடியுமான்னு எனக்குத் தெரியாது. உனக்கும் தெரியாது. கண்டுபிடிக்க உங்கிட்ட ப்ளேன் இல்ல. ஆனா தூக்கித் தூக்கிப் போடுற பேக் சீட்டு எல்லா ஊர்லயும் இருக்கும்,” என்றார். அதை அப்போது கேலி என்றே எடுத்துக்கொண்டேன்.

ஐந்தாம் நாள் மணி அங்கிள் தன் காடியிலேயே விமான நிலையம் கொண்டுவந்து விட்டார். மன்னிப்புக் கேட்டேன். “நீ ட்ரெயின் பிரியைன்னு நினைச்சேன்,” என்று வழி முழுக்கச் சிரித்தார். உப்பும் புளிப்புமாக உலர்த்திய பிளம் பழப் பொட்டலம் ஒன்றைக் கையில் திணித்தார். “வாயில அடக்கிக்க. வயித்தைப் பொரட்டாது.” திரும்பும் விமானத்தில் மாத்திரை போடவில்லை, பழமும் போடவில்லை. இரண்டு முறை பையைப் பிரித்தேன். பக்கத்து இருக்கைக்காரர் எழுந்து வேறு இடம் போய்விட்டார். பெரிய விமானம், அமைதியான வானம். அதிலேயே இப்படி.

வீட்டில் எல்லாரும் ப்ளேன் எப்படி இருந்தது என்று கேட்டார்கள். நன்றாக இருந்தது என்றேன். அத்தை மட்டும் வேறு மாதிரி கேட்டார்: “வந்துச்சா?” ஆமாம் என்றேன். அவர் சிரிப்பார் என்று காத்திருந்தேன். “பாவம்,” என்றார். அது சிரிப்பைவிட மோசமாக இருந்தது.

நிறுவனத்தில் ஏற்றுமதிப் பிரிவைப் பார்த்துக்கொள்ளச் சொல்கிறார்கள். நேர்முகத் தேர்வு அடுத்த மாதம். வானமா சீருடையா என்ற கேள்விக்கு இன்னும் பதில் இல்லை. நடுராத்திரியில் கேட்டால் ஒரு பதில், காலையில் கேட்டால் இன்னொன்று. அந்த ஒற்றைச் சோதனையை வீணாக்கிவிடுவேன் என்றே பெரும்பாலும் தோன்றுகிறது.

போன ஞாயிற்றுக்கிழமை பொள்ளாச்சிக்குப் போய் வால்பாறை பஸ்ஸில் ஏறினேன். ஆழியாறு தாண்டியதும் மலைப்பாதை. ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் அதன் எண் எழுதிய பலகை நிற்கும். கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். பலகை வரும்போதெல்லாம் எண்ணை வாய்விட்டுச் சொல்வது என்று வைத்துக்கொண்டேன். ஒன்பது வரை சொன்னேன். அதன் பிறகு ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினேன். அடுத்து நான் பார்த்த பலகை பதினான்கு. நடுவில் இருந்த வளைவுகளில் பஸ் போயிருக்கிறது, நான் போகவில்லை.

இன்று மறுபடி ஞாயிறு. பொள்ளாச்சி நிலையத்தில் பஸ் நிற்கிறது. இதை அதன் கடைசி இருக்கையிலிருந்துதான் எழுதுகிறேன். நடத்துநருக்கு என்னை அடையாளம் தெரிந்துவிட்டது.

“ஏம்மா, போன வாரம் அந்தப் பாடு பட்டயே. முன்னாடி சீட்டெல்லாம் காலியாத்தான கெடக்குது. பின்னாடி தூக்கித் தூக்கிப் போடுமே?”

“போடட்டுங்ணா. வால்பாறை ஒண்ணு.”

பயணச்சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டார். பையை மடியில் பிரித்து வைத்திருக்கிறேன்.